தேரிக்காட்டில் ஒரு புகலிடம்: நெல்லைத் திருச்சபையும் அன்றாட வாழ்வும் (1780–1880)

பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன. குளோரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவை அங்கே எழுப்பிய ஆலயத்தை 1785-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். நெல்லைத் திருச்சபையின் வரலாற்றை இந்த ஆலயத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் சபை மக்களின் அன்றாட வாழ்வுக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்டால், கோட்டையை விட்டுச் சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மணல் தேரிக்குப் போகவேண்டும்.

அங்கே பனையேறிக் குடும்பங்கள் பல, 1790-களின் இறுதியில் கிறிஸ்தவத்தைத் தழுவின. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. செபக்கூடங்கள் அழிக்கப்பட்டன, குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. அவர்களுக்கு அன்று முதலில் வேண்டியிருந்தது பிரசங்கமல்ல, தலைசாய்க்க ஓரிடம். அவர்களில் ஒருவரான தாவீது சுந்தரானந்தம் 1799-இல் நிலம் வாங்கி ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். முதற்கிறிஸ்தவ ஊர் என்பதால் அது முதலூர் ஆயிற்று. இந்த நிகழ்வை மதமாற்ற வரலாற்றின் ஒரு வரியாகக் கடந்துவிடுவது பெரும் பிழை என்பது என் கருத்து. வெளியேற்றப்படும் அச்சமில்லாத வீட்டுமனை ஏழைப் பனையேறிக்கு எத்தனை பெரிய விடுதலை என்பதை, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களே அறிவார்கள்.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் இந்த அனுபவத்தை ஓர் அமைப்பாகவே மாற்றினார். 1830-இல் அவர் தொடங்கிய தர்ம சங்கத்தின் வேலை, துன்புறுத்தப்பட்ட சபையாருக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுப்பது. செபக்கூடமும் பள்ளியும் கட்ட உதவுவது. இவ்வகைக் கிறிஸ்தவ ஊர்களில் உபதேசியாரே பல வேளைகளில் வாத்தியாரும் ஆனார். காலையில் பிள்ளைகள் எழுத்துப் படித்த கூடத்தில் மாலையில் பெரியவர்கள் செபித்தார்கள். வழக்குகளையும் சபையே பேசித் தீர்த்தது. திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் கோயில் பதிவேட்டில் ஏறின. அதுவரை எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத பெண்களுக்கும் அதில் ஒரு வரி கிடைத்தது.

1841-இல் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல் ஐயர் ஊரையே திருத்தியமைத்தார்: நேரான தெருக்கள், கிணறுகள். அவர் மனைவி எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்பித்தார். பனங்காட்டை மட்டுமே நம்பிய வீட்டில் பெண் கையால் வரும் கூலி என்பது புதிய செய்தி. அவ்வூர்ப் பெரிய கோயில் கட்டி முடிந்து பிரதிஷ்டையானது 1880-இல்தான். கோயில் எழும்பக் காத்திராமலே சபையின் வேலை நடந்துகொண்டிருந்தது.

காப்பாற்றிய கை கட்டுப்படுத்தவும் செய்தது. நிலம் மிஷனுடையது, சம்பளம் மிஷனுடையது. ஆகவே தீர்மானமும் மிஷனரியுடையது. அந்தப் பனையேறிகளின் சமூகமான நாடார் மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூல் அம்மக்களைப் புண்படுத்தியது. நாசரேத் வட்டாரத்தில் உபதேசியாராக இருந்து விலக்கப்பட்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை, 1857-இல் முக்குப்பேறியில் மிஷனரிகளின் ஆளுகையில்லாத தனிச் சபையைத் தொடங்கினார். அது ஓய்வுநாளாகச் சனிக்கிழமையை அனுசரித்தது. அதை வெறும் பிரிவினை என்று ஒதுக்குவது நியாயமல்ல. புகலிடம் தந்தவரிடமும் தன்மானத்தைக் கேட்டுப் பெறவேண்டும் என்ற குரல் அது.

வெளியிலிருந்து வந்த பணத்துக்கும் ஆணைக்கும் அப்பால், மக்கள் தாங்களாகவே சபையைத் தாங்கிய வழக்கங்களும் உண்டு. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு, கோயிலுக்குக் கொண்டு சேர்ப்பார்கள் பெண்கள். அதற்குப் பெயர் கைப்பிடி அரிசி. பண்டிகை நாளில் சபையார் கூடி உண்ணும் விருந்துக்குப் பெயர் அசனம். இப்படிச் சேர்ந்து உண்பது எளிதில் வந்ததல்ல. தம்மிடம் படித்த மாணவர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ணவேண்டும் என்பதில் ரேனியஸ் உறுதியாக நின்றார். அன்று ஒரே பந்தி எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை அந்த உறுதியே காட்டுகிறது. இன்றும் தேரிக்காட்டு ஊர்களில் அசனத்துக்குப் பெரிய அண்டாக்களில் சோறு வேகிறது. வெளியூரில் பிழைப்பவர்களும் அன்றைக்கு வந்து கோயில் முற்றத்தில் உட்காருகிறார்கள்.