பதில் யார் கையில் இருக்கு? 1988-ன் இரண்டு படங்களும், ஒரு அப்பாவும்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு ரொம்ப வேண்டிய ஒருத்தர் காணாமப் போயிட்டாங்க. மூணு வருஷமா தேடுறீங்க. திடீர்னு ஒரு ஆள் முன்னாடி வந்து நிற்கிறான். "என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு நடந்தது எல்லாம் உங்களுக்கும் நடந்தாதான் நீங்க தெரிஞ்சுக்க முடியும்"னு சொல்றான். போலீஸுக்குப் போனீங்கன்னா பதில் அவனோட போயிடும். என்ன செய்வீங்க?

இது 1988-ல வந்த 'ஸ்பூர்லோஸ்'ங்கிற படத்தோட கதை. டச்சு மொழியில அந்தத் தலைப்புக்கு 'தடயமே இல்லாமல்'னு அர்த்தம். டிம் க்ராபே 1984-ல எழுதின நாவலை ஜார்ஜ் ஸ்லூய்சர் படமாக்கினார். ரெக்ஸும் சாஸ்கியாவும் பிரான்ஸுக்கு லீவுக்குப் போறாங்க. நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்ல கூல்டிரிங்க்ஸ் வாங்கப் போற சாஸ்கியா திரும்பி வரவே இல்லை. அவ்வளவுதான்.

கடத்தினவன் யாருன்னு படம் சீக்கிரமே காட்டிடும். ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார், குடும்பஸ்தன். அதனால 'யார் செஞ்சது'ங்கிற சஸ்பென்ஸே இங்க கிடையாது. ஒரு இடத்துல ரெக்ஸ் தன் மனசுல ஓடுறதைச் சொல்வான். அவள் எங்கேயோ உயிரோட இருக்கா, ஆனா எனக்கு எதுவும் தெரியாது. இல்லைன்னா அவள் செத்துட்டா, ஆனா எனக்கு எல்லாம் தெரியும். இந்த ரெண்டுல எதுன்னு கேட்டா, அவன் ரெண்டாவதைத்தான் எடுக்கிறான். முதல் தடவை பார்த்தப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவன் தேடுறது அவளை இல்லை, பதிலை. (முடிவை நான் சொல்லப்போறதில்லை. 1993-ல அதே இயக்குநர் ஹாலிவுட்டுக்காகத் திரும்ப எடுத்தப்போ முடிவை மாத்திட்டார். அதைப் பார்க்காதீங்க, பழசைப் பாருங்க.)

அதே 1988-ல, மலையாளத்துல ஷாஜி என். கருண் தன்னோட முதல் படத்தை எடுத்தார். பேரு 'பிறவி'. அதுலயும் ஒருத்தன் காணாமப் போறான். இன்ஜினியரிங் படிக்கிற பையன். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு வரேன்னு சொல்லியிருந்தான், வரலை. வயசான அப்பா தினமும் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்னு, கடைசி பஸ்ஸும் போனப்புறம் படகுல வீடு திரும்புவார். படம் முழுக்க மழை. அப்பாவா நடிச்ச பிரேம்ஜிக்குத் தேசிய விருது கிடைச்சது. தங்கச்சியா வர்றது நம்ம 'வீடு' அர்ச்சனா. இங்க வில்லன் முகமே திரையில வராது. காரணம், 'பிறவி'க்குப் பின்னாடி ஒரு நிஜக் கதை இருக்கு.

எமர்ஜென்சி காலம். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன். 1976 பிப்ரவரி கடைசியில் காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கியிருந்தார்கள். அந்தத் தேடுதல் வேட்டையில், மார்ச் 1-ம் தேதி அதிகாலையில் போலீஸ் ராஜனைப் பிடித்துக்கொண்டு போனது. கல்லூரி முதல்வர் வீட்டுக்குக் கடிதம் எழுதித் தகவல் சொன்னார்.

அப்பா ஈச்சர வாரியர், ஹிந்திப் பேராசிரியர். கக்கயம் போலீஸ் முகாம் வரைக்கும் போனார். உள்துறை அமைச்சர் கருணாகரனைப் போய்ப் பார்த்தார். மேலிடம் வரைக்கும் மனு மேல மனு போட்டார். பதில் இல்லை. கோர்ட்டுக்குப் போகலாம்னா அந்தக் கதவும் மூடியிருந்தது. 'ஆளைக் கொண்டுவந்து நிறுத்து'ன்னு கேட்கிற ஆட்கொணர்வு மனு எமர்ஜென்சியில் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றமே 1976 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிடுச்சு. ஐந்து நீதிபதிகளில் ஒருத்தர் மட்டும்தான் மறுத்தார்.

1977 மார்ச் 21-ல் எமர்ஜென்சி முடிஞ்சது. அந்த வாரமே வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். அதுக்குள்ள கருணாகரன் முதலமைச்சர் ஆகியிருந்தார். அரசு தரப்பு என்ன சொன்னது தெரியுமா? ராஜனை நாங்க பிடிக்கவே இல்லை.

கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. ரெக்ஸ்கிட்ட வர்ற வில்லனாவது 'பதில் என்கிட்ட இருக்கு'ன்னு ஒத்துக்கிறான். இங்க கேள்வியே இல்லைன்னு சொல்றாங்க. ஆனா முகாமில் ராஜனைக் கண்ணால பார்த்தவங்க சாட்சி சொன்னாங்க. நீதிமன்றம் அவங்களை நம்பியது. ராஜனை ஆஜர்படுத்துங்கன்னு ஏப்ரல் 13-ம் தேதி உத்தரவு போட்டது. ஆஜர்படுத்த ஆள் இல்லை. அந்த மாசக் கடைசியிலேயே கருணாகரன் பதவி விலகினார். போலீஸ் காவலில் சித்திரவதையில் ராஜன் இறந்துட்டார்ங்கிறது பிறகு வெளியில வந்தது, பிடிச்ச மறுநாளே. அப்பா அலைஞ்ச அத்தனை மாசமும், அவர் தேடின ஆள் உயிரோடவே இல்லை.

உடல் கடைசி வரைக்கும் கிடைக்கலை.

எனக்கு இந்தக் கதையில இன்னும் உறுத்துறது வேற ஒண்ணு. 'பிறவி'யில் அண்ணனுக்கு என்ன ஆயிருக்கும்னு தங்கச்சி விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிறா. அதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவளுக்குத் தெரியலை. நிஜத்தில் அந்த இடத்தில் நின்னவர் வாரியரேதான். ராஜனோட அம்மா மனநிலை பாதிக்கப்பட்டவங்க. ராஜன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு அரசாங்கத்தையே கோர்ட்டுக்கு இழுத்துப் பதிலை வாங்கின மனுஷன், அந்தப் பதிலை அவங்ககிட்ட சொல்லலை. 2000-ல் அவங்க இறந்தாங்க. அதுவரைக்கும் அவங்களுக்கு ராஜன் எங்கேயோ போயிருக்கிற பிள்ளைதான்.

வாரியர் எழுதின நினைவுக் குறிப்புக்கு 2004-ல் கேரள சாகித்ய அகாதமி விருது கிடைச்சது. 2006-ல் அவரும் போயிட்டார். 'பிறவி'யைப் பார்த்துட்டு அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிங்க. அதுவும் மழையில்தான் முடியும்.