சட்டைப்பையா, தோள்பையா? - ஒரு கேமராக் கேள்வியின் வரலாறு

2000-களின் நடுவில் கேமரா வாங்க நினைத்த யாரும் ஒரு கேள்வியில் போய் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சட்டைப்பைக்குள் அடங்குகிற காம்பாக்ட் கேமராவா, இல்லை இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆரா? கடைக்காரர் ஒன்று சொல்வார். கல்யாண போட்டோ எடுப்பவர் வேறொன்று சொல்வார். வீட்டில் கேட்டால், "போட்டோ புடிக்க இவ்ளோ காசா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்!

மேலோட்டமாகப் பார்த்தால் இது படத்தின் தரம் பற்றிய கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்த இரண்டு வகைக் கேமராக்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அதில் ஒரு பாதியைக் கட்டியது இயற்பியல். மறு பாதியைக் கட்டியவை கேமரா கம்பெனிகள். எந்தச் செங்கல் யார் வைத்தது என்று தெரிந்துகொள்வதில்தான் இந்தக் கதையின் சுவாரசியமே இருக்கிறது.

முதல் பெட்டி

பெரிய கேமராவா, சின்ன கேமராவா என்ற சண்டை டிஜிட்டலோடு பிறந்ததில்லை. 1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' என்ற பெட்டிக் கேமராவை 25 டாலருக்கு விற்றார். உள்ளே 100 படத்துக்கான ஃபிலிம். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைப் பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை புகைப்படம் என்றால் கனமான கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடு, ரசாயனம் என்று ஒரு வண்டிச் சாமான். 1900-ல் அதே கம்பெனி 'பிரௌனி' கேமராவை 1 டாலருக்குக் கொண்டுவந்தபோது குழந்தைகள் கைக்கும் கேமரா போய்ச் சேர்ந்தது.

இதில் வணிகப் பாடமும் இருக்கிறது. ஈஸ்ட்மனுக்குக் கேமராவை விட ஃபிலிமிலும் பிரிண்டிலும்தான் வருமானம். கேமரா ஒரு தூண்டில், ஃபிலிம்தான் மீன். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

1925-ல் ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் லைகா அறிமுகமானது. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த இந்தச் சின்னக் கேமரா சினிமா ஃபிலிமையே பயன்படுத்தியது. 24க்கு 36 மில்லிமீட்டர் என்ற அதன் அளவைத்தான் இன்றைக்கும் 'ஃபுல் ஃபிரேம்' என்கிறோம். சின்னக் கேமராவும் நல்ல படம் எடுக்கும் என்பதை உலகம் ஒத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

கண்ணாடி வைத்த கேமரா

எஸ்.எல்.ஆர் என்பது வேறு வம்சம். லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் பார்ப்பதை அது மேலே திருப்பி, ஒரு பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தும்போது கண்ணாடி மேலே எழும்பி ஒளிக்கு வழிவிடும். அந்த 'டக்' என்ற சத்தம் பெரும்பாலும் அந்தக் கண்ணாடியுடையதுதான். லென்ஸ் பார்ப்பதையே கண்ணும் பார்ப்பதால் எந்த லென்ஸை வேண்டுமானாலும் மாற்றி மாட்டலாம். இதற்கு விலை, எடையும் பருமனும். கண்ணாடி அசைய இடம் வேண்டுமே!

1959-ல் வந்த நிக்கான் எஃப் இந்த வகையைத் தொழில்முறைக் கலைஞர்களின் கருவியாக்கியது. அதே 1959-ல் ஒலிம்பஸ் கம்பெனி, ஒரு ரோலில் இரண்டு மடங்கு படம் எடுக்கும் 'பென்' என்ற குட்டிக் கேமராவை வெளியிட்டது. 1976-ல் கேனான் ஏ.ஈ-1 நுண்செயலியைக் கொண்டுவந்து எஸ்.எல்.ஆரைச் சாதாரண ஆட்களுக்கு நெருக்கமாக்கியது. அடுத்த வருஷமே, 1977-ல், தானே ஃபோகஸ் செய்யும் கோனிகா சி35 ஏ.எஃப் சின்னக் கேமராப் பக்கம் வந்தது. ஒரு பக்கம் பெரியது மலிவாகும்; மறு பக்கம் சின்னது புத்திசாலியாகும். இந்த ஓட்டப்பந்தயம் நிற்கவே இல்லை.

ஆனால் ஃபிலிம் காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. நல்ல லென்ஸ் வைத்த சின்னக் கேமராவும் பெரிய எஸ்.எல்.ஆரும் ஒரே 35 மி.மீ. ஃபிலிமைத்தான் தின்றன. படம் பதிகிற பரப்பு இரண்டுக்கும் ஒன்றே. டிஜிட்டல் வந்ததும் அந்த நியாயம் போய்விட்டது.

இயற்பியல் கட்டிய பாதி

1995-ல் கேசியோ க்யூ.வி-10 வந்தது. பின்னால் திரை வைத்து, எடுத்த படத்தை அங்கேயே பார்க்க வைத்த கேமரா. 1999-ல் நிக்கான் டி1 வந்தது: 2.7 மெகாபிக்சல், விலை 5,000 டாலருக்கு மேல். இந்த இரண்டுக்கும் உள்ளே இருந்த சென்சார்களின் பரப்பில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எண்ணிக்கையில் பார்த்தால் விளங்கும். 2003-ல் வந்த கேனான் இ.ஓ.எஸ் 300டி-யின் சென்சார் 22.7க்கு 15.1 மி.மீ. அதாவது சுமார் 343 சதுர மி.மீ. சில வருஷம் கழித்துக் காம்பாக்ட்களில் பரவலான 1/2.3 அங்குல சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. 12 மடங்கு வித்தியாசம்! இதில் 300டி-க்கு 6.3 மெகாபிக்சல். காம்பாக்டிலோ அந்தத் துளியூண்டு இடத்தில் 10 மெகாபிக்சலை அடைத்தார்கள். ஒரு பிக்சலுக்குக் கிடைத்த இடம் என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் ஏறத்தாழ 19 மடங்கு. மழைத்தண்ணீர் பிடிக்க ஒருவர் அண்டாவை வைக்கிறார், இன்னொருவர் டம்ளரை வைக்கிறார். அடைமழையில், அதாவது நல்ல வெயிலில், இரண்டுமே நிரம்பிவிடும். தூறலில்தான் சாயம் வெளுக்கும். கல்யாண மண்டபத்துக்குள்ளும் சாயங்கால விளையாட்டு மைதானத்திலும் காம்பாக்ட் படங்கள் புள்ளி புள்ளியாகப் போனதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று வேகம். டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸுக்கென்றே தனி சென்சார் உண்டு. லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று ஒரே பார்வையில் அது கண்டுபிடித்துவிடும். அன்றைய காம்பாக்ட்டோ லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே படம் தெளிவாக இருக்கிறது என்று தேடும். தேடி முடிப்பதற்குள் குழந்தை சிரித்து முடித்திருக்கும். இந்தச் செங்கல்களை எந்தக் கம்பெனியும் வேண்டுமென்றே வைக்கவில்லை.

கம்பெனி கட்டிய பாதி

2003 ஆகஸ்டில் கேனான் 300டி-யை அறிவித்தது. பாடி மட்டும் 899 டாலர், 18-55 லென்ஸோடு 999 டாலர். ஆயிரம் டாலருக்குக் கீழே டி.எஸ்.எல்.ஆர் என்பது அன்று பெரிய செய்தி. அடுத்த வருஷமே நிக்கான் டி70-யோடு போட்டிக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2003-ன் தொடக்கத்தில் கேனான் 1,499 டாலருக்கு விற்ற 10டி-யிலும் அதே 6.3 மெகாபிக்சல் சென்சார்தான். 300டி-யில் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் உடம்பு, பட்டகத்துக்குப் பதில் கண்ணாடித் துண்டுகள். இதனால் செலவு குறையும், சரி. ஆனால் ஃபிளாஷ் ஒளியைக் கூட்டிக் குறைப்பது, ஐ.எஸ்.ஓ 3200 போன்ற சில வசதிகளும் 300டி-யில் இல்லை. பிறகு ஆர்வலர்கள் மாற்றி எழுதிய ஒரு மென்பொருளை ஏற்றியதும் அந்த வசதிகள் வேலை செய்தன! அந்தக் கருவியால் முடியாமல் இல்லை. அதன் மென்பொருள்தான் கதவைப் பூட்டி வைத்திருந்தது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. 1849-லேயே ஜூல்ஸ் டுபுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதை எழுதிவிட்டார். ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரையின் செலவை மிச்சப்படுத்த அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. 300டி-யில் எடுக்கப்பட்டதும் ஒரு கூரைதான்.

காம்பாக்ட் பக்கமும் இதே கதை. கேனானின் உயர்தரக் காம்பாக்டான ஜி6-ல், சென்சார் பதிவு செய்ததை அப்படியே சேமிக்கும் 'ரா' வசதி இருந்தது. 2006-ல் வந்த ஜி7-ல் அதைக் காணோம். 2007-ல் ஜி9-ல் மறுபடி வந்தது. சொந்த டி.எஸ்.எல்.ஆர் விற்பனையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள் என்று பயனாளர்கள் பேசிக்கொண்டார்கள். மெமரி கார்டிலிருந்தே இயங்கும் சி.எச்.டி.கே என்ற இலவச மென்பொருள் வந்து, பல மலிவான கேனான் காம்பாக்ட்களிலும் 'ரா' எடுக்க முடியும் என்று காட்டியது.

லென்ஸ் என்ற மூக்கணாங்கயிறு

இப்போது ஈஸ்ட்மனின் தூண்டிலுக்கு வருவோம். டி.எஸ்.எல்.ஆர் வாங்குவது ஒரு பொருளை வாங்குவதோடு முடிவதில்லை, ஒரு கம்பெனிக்குள் குடிபோவது. கேனான் லென்ஸ் நிக்கானில் மாட்டாது. நாலு லென்ஸ் சேர்ந்துவிட்டால் கட்சி மாறுவது கஷ்டம். ஆரம்ப நிலைக் கேமராவை மலிவாகக் கொடுத்ததன் சூட்சுமம் இதுதான்.

அந்தக் கயிற்றுக்குள்ளும் முடிச்சுகள் உண்டு. 300டி-யோடு வந்த இ.எஃப்-எஸ் லென்ஸ்கள் கேனானின் ஃபுல் ஃபிரேம் கேமராக்களில் மாட்டாது. 2006-ல் லென்ஸோடு 599 டாலருக்கு வந்த நிக்கான் டி40-ல் ஃபோகஸ் மோட்டார் இல்லை. உள்ளே மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்களை அதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். விலைச்சீட்டில் குறைந்தது வேறெங்கோ ஏறிவிடும்.

கம்பெனியே கடையைக் கட்டினால்? 2006-ல் கோனிகா மினோல்டா கேமராத் தொழிலைவிட்டு விலகியது. டி.எஸ்.எல்.ஆர் பிரிவை சோனி எடுத்துக்கொண்டதால் அதன் லென்ஸ்கள் வைத்திருந்தவர்கள் அப்போதைக்குத் தப்பித்தார்கள். காம்பாக்ட் வாங்கியவருக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர் வாங்கியது ஒரு பொருள், அவ்வளவுதான்.

கையில் இருந்த கேமரா

இத்தனை ஒப்பீட்டிலும் எந்த அட்டவணையும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. படம் எடுக்கவேண்டிய நேரத்தில் எந்தக் கேமரா அங்கே இருந்தது?

300டி கடைக்கு வந்த அதே 2003-ன் இறுதி மாதங்களில், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளைச் சித்திரவதை செய்து, தங்கள் சொந்த டிஜிட்டல் கேமராக்களில் படம் எடுத்துவைத்தார்கள். 2004 ஏப்ரலில் அந்தப் படங்கள் தொலைக்காட்சியில் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. படங்கள் மங்கல். ஃபிளாஷ் ஒளி முகத்தில் அறைகிறது. ஒளியமைப்பு என்று ஒன்றுமே இல்லை. அந்தப் போரின் மறக்க முடியாத ஆவணங்கள் அவைதான். பெரிய கேமராக்களோடு வந்த பத்திரிகையாளர்கள் அந்த அறைகளுக்குள் போயிருக்கவே முடியாது.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தின் காவ் லாக் கடற்கரையில் ஒரு டிஜிட்டல் கேமரா சிதைந்து கிடந்தது. அதன் மெமரி கார்டு மட்டும் பிழைத்திருந்தது. விடுமுறைக்கு வந்து அலையில் இறந்துபோன ஒரு கனடியத் தம்பதியின் கடைசிப் படங்கள் அதில் இருந்தன: தொடுவானத்தில் ஒரு வெள்ளைக் கோடு, பிறகு அது நெருங்கி நெருங்கி வருவது. அந்தப் படங்கள் அவர்களுடைய பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றில் எத்தனை மெகாபிக்சல் என்று யாரும் கேட்கவில்லை.

சுவர் விழுந்த விதம்

கம்பெனிகள் சுவரைக் கவனமாகப் பராமரித்துக்கொண்டிருந்தபோது இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2011-ல் ஃபிளிக்கர் தளத்தில் அதிகம் பயன்பட்ட கேமராவாக ஐபோன் 4 முதலிடத்துக்கு வந்தது. அது முந்தியது நிக்கான் டி90 என்ற டி.எஸ்.எல்.ஆரை. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சி.ஐ.பி.ஏ-வின் கணக்குப்படி 2010-ல் சுமார் 12 கோடியே 15 லட்சம் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் 10 கோடிக்கு மேல் லென்ஸ் மாற்ற முடியாதவை. 2023-ல் மொத்தமே சுமார் 77 லட்சம். அதில் லென்ஸ் மாற்ற முடியாதவை சுமார் 17 லட்சம்.

கண்ணாடி வைத்த பெரியண்ணனும் தப்பவில்லை. 2008-ல் பானசோனிக் ஜி1 கண்ணாடியைத் தூக்கி எறிந்து, மிரர்லெஸ் என்ற வகையைத் தொடங்கியது. 2012-ல் சோனி ஆர்.எக்ஸ்.100 சட்டைப்பைக் கேமராவுக்குள் 116 சதுர மி.மீ. சென்சாரை வைத்துக் காட்டியது. சாதாரண காம்பாக்ட்டைப் போல 4 மடங்கு! முன்பே ஏன் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றுகிறதா? கீழேயிருந்து போன் நெருக்கும்வரை யாருக்கும் அவசரம் இருக்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி மட்டும் சாகவில்லை. இன்று போனா, மிரர்லெஸ்ஸா என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு அதே கேள்வி கடைவாசலில் நிற்கிறது. இளைஞர்கள் பழைய காம்பாக்ட்களைத் தேடி வாங்குவதும் நடக்கிறது. பதில் சொல்லும் முன் இரண்டு கணக்கு போட்டுப் பார்த்தால் போதும். கொடுக்கிற கூடுதல் காசில் எவ்வளவு இயற்பியலுக்குப் போகிறது, எவ்வளவு பூட்டிய கதவுக்குப் போகிறது என்பது முதல் கணக்கு. வாங்கும் கேமரா வருஷத்தில் எத்தனை நாள் வீட்டைவிட்டு வெளியே வரும் என்பது இரண்டாவது. முதல் கணக்குக்குக் கூகிளிலேயே பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு வாங்குபவர்தான் பதில் சொல்ல வேண்டும்.