8 பவுண்டுக்கு ஒரு நீல உடுப்பு

ஆள் பாதி ஆடை பாதின்னு ரொம்ப சாதாரணமா சொல்லிட்டுப் போயிடறோம். ஆனால் அந்த ஆள் சட்டப்படி ஆளே இல்லை, இன்னொருத்தரோட சொத்து என்றால்? அவன் போட்டுக்கொள்ளும் கோட்டுக்கு என்ன அர்த்தம்?

2025 மே மாதம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், கறுப்பின ஆண்களின் தையல் உடைகள் பற்றி ஒரு கண்காட்சி தொடங்கியது. பேராசிரியர் மோனிகா மில்லர் 2009-ல் எழுதிய புத்தகம்தான் அதற்கு அடிப்படை. கண்காட்சியின் பெயர் 'சூப்பர்ஃபைன்'. உயர்ரகக் கம்பளித் துணிக்கு அந்தக் காலத்தில் இருந்த பேர் அது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதனின் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

அவர் பெயர் ஒலவ்தா ஈக்வியானோ. கரீபியன் கடலில் மான்செராட் தீவைச் சேர்ந்த ராபர்ட் கிங் என்ற வணிகரின் அடிமை. கிங்கின் கப்பல்களில் வேலை. 3 பென்ஸுக்கு ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கி, அடுத்த தீவில் விற்று, அப்படித் துளித்துளியாகச் சேர்த்தார். 40 பவுண்டு கொடுத்தால் விடுதலை என்று கிங் வாக்குக் கொடுத்திருந்தார்.

1766. பணம் இன்னும் சேரவில்லை. ஜார்ஜியாவில் ஒரு வெள்ளி ஆசாரி நோய்வாய்ப்பட்டார். கப்பல் கேப்டனுக்கு நிறையப் பணம் தருவதாகச் சொன்னார். கேப்டன் ஈக்வியானோவுக்கும் பங்கு தருவதாகச் சொன்னார். கேப்டனோடு போய்ப் பணிவிடை செய்தார் ஈக்வியானோ. அந்த நம்பிக்கையில் 8 பவுண்டுக்கு மேல் செலவழித்து ஒரு சூப்பர்ஃபைன் உடுப்பும் வாங்கிவிட்டார். எதற்கு? விடுதலையானதும் போட்டுக்கொண்டு ஆடுவதற்கு! ஆசாரி செத்த பிறகு பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது ஒன்றரை டாலர். சவப்பெட்டி செய்யக்கூடக் காணாது.

கணக்குப் பாருங்க. விடுதலையின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு உடுப்புக்குப் போயிருக்கிறது. ஊதாரித்தனம்னு தோணும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பக்கத்திலேயே இருந்த தென் கரோலினாவின் 1740-ம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்தால் வேறு மாதிரி புரிகிறது. முந்தைய வருஷம் நடந்த ஸ்டோனோ அடிமைக் கிளர்ச்சிக்குப் பிறகு வந்த சட்டம் அது. அடிமைகள் முரட்டுத் துணிகள்தான் உடுத்த வேண்டும். எவை என்றும் பட்டியல் உண்டு. மீறினால் காவலர் துணியைப் பறித்துத் தானே வைத்துக்கொள்ளலாம். ஒரே விலக்கு, சீருடை போட்ட வேலையாட்கள். எஜமான் தன் பெருமைக்காக உடுத்திவிட்டால் பரவாயில்லை, அவனே விரும்பி உடுத்தினால்தான் குற்றம்!

அப்புறம் ஈக்வியானோ மறுபடி வியாபாரம் செய்து 40 பவுண்டு சேர்த்தார். இவ்வளவு சீக்கிரம் சேரும் என்று எதிர்பார்க்காத கிங் தயங்க, கேப்டன்தான் எடுத்துச் சொல்லி விடுதலைப் பத்திரம் வாங்கிக் கொடுத்தார். அதைக் கொண்டாட ஈக்வியானோ நடத்திய ஆட்டங்களில் அந்த நீல உடுப்பு எடுப்பாகத்தான் இருந்தது என்று பிற்பாடு தன் சுயசரிதையில் லேசான பெருமையோடு குறிப்பிடுகிறார்.

அந்தச் சுயசரிதை 1789-ல் லண்டனில் வந்தது. அவர் வாழ்நாளிலேயே 9 பதிப்புகள். அடிமை வணிகத்துக்கு எதிரான இயக்கத்துக்கு அது பெரிய ஆயுதம். அதன் முகப்புப் படத்தைத் தேடிப் பாருங்க. கச்சிதமான கோட்டு, கையில் திறந்த பைபிள், நம்மை நேராகப் பார்க்கும் கண்கள். படிக்கத் தொடங்கும் முன்பே, எழுதியவன் யார் என்று அந்தப் படம் சொல்லிவிடுகிறது.

அந்த 8 பவுண்டு வீண் செலவுன்னு இப்போ எனக்குத் தோணலை. விடுதலைப் பத்திரம் கைக்கு வருவதற்கு முன்பே, சுதந்திர மனிதனாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஒரு உடுப்பு தேவைப்பட்டிருக்கிறது.