மானிப்பாயில் தமிழ் பேசிய மருத்துவம்

நோயாளியின் மொழியையும் பண்பாட்டையும் அறிந்து சிகிச்சை தருவது இன்று மேலைநாட்டு மருத்துவமனைகளில் ஒரு தனிப் பயிற்சியாகவே வளர்ந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஓர் அமெரிக்கர் இதனைச் செய்துகாட்டினார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

மாசச்சூசெட்ஸில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847-இல் இலங்கை வந்தார். மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கும் மருத்துவம் கற்பித்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆங்கிலத்தில் கற்றவர் நல்ல சம்பளம் தேடி வெளியூர் போய்விடுவார். தமிழில் கற்றவரோ தம் ஊராரிடையே தங்குவார் என்று அவர் கருதினார். 1860-களில் பயிற்றுமொழி தமிழாயிற்று.

இதற்கு நூல்கள் வேண்டுமே! தமிழ் மாணவர்களின் துணையோடு அவற்றை அவரே உருவாக்கினார். 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875-இல் 'கெமிஸ்தம்' எனப் பெரிய நூல்கள் வெளிவந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழை நாடுக, அடுத்து வடமொழியை, அதுவும் உதவாதபோது ஆங்கிலத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுக என்பது அவர் வகுத்த நெறி. 'கெமிஸ்தம்' மூன்றாம் வழியில் பிறந்தது. 'அங்காதிபாதம்' என்ற பெயரோ எனக்கு நம் கேசாதிபாத இலக்கியங்களை நினைவூட்டுகிறது. உடற்கூற்று நூலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எளிதில் அமையாது. தனித்தமிழ் அன்பர்கள் இந்நடையின் வடமொழிக் கலப்பைக் கண்டு முகம் சுளிக்கலாம். அன்றைய படித்த தமிழரின் உரைநடை அதுதான்.

உடையிலும் அவர் உறுதியாக இருந்தார். காற்சட்டை அணிந்த மாணவர் தம் மக்களுக்கே அந்நியராகிவிடுவர் என்பது அவர் கருத்து. வேட்டியும் சால்வையுமே போதும் என்றார். இதில் ஒரு முரண் உண்டு. மிஷன் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. கிறீனும் மதம் பரப்ப வந்தவரே. அதனை அவர் மறைத்ததில்லை.

1870-இல் கொழும்பில் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. 1873-இல் கிறீன் தாயகம் திரும்பி, 1884-இல் மறையும்வரை அங்கிருந்தே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். தமிழ்வழி மருத்துவக் கல்வி மானிப்பாயில் நிலைக்கவில்லை. இன்றும் நம் நோயாளிகள் பலர் தம் நோயின் பெயரை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, மருந்துக்கடைப் பையனிடம் பொருள் விசாரிக்கிறார்கள்.