எலுமிச்சைத் தேநீர் கேக்: அடுமனையிலிருந்து அடுக்களைக்கு

எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோலின் மணம் சேர்த்து, மேலே கிரீம் பூசாமல் சுட்டு, தேநீருடன் துண்டு போட்டு உண்ணும் எளிய கேக் தேநீர் கேக் எனப்படும். கேக் செய்யும் கலை தென்னிந்தியாவுக்கு வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகே அது நம் வீட்டு அடுக்களைக்குள் பரவலாக நுழைந்தது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் சுவை அன்று, அடுப்பு.

பழமும் பெயரும்

கேக்கின் மணத்துக்குரிய பழங்கள் நமக்குப் புதியவை அல்ல. 'ஆரஞ்சு' என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து புறப்பட்டதுதான். வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நரஞ்சா எனப் பயணம் செய்து, முதல் எழுத்தை இழந்து ஆங்கிலத்தை அடைந்தது. நாரத்தை என்னும் சொல்லோடு உறவுடைய திராவிடச் சொல் ஒன்றே இதன் மூலம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

எலுமிச்சை இனப் பழங்களின் மணம் சாற்றைவிடத் தோலில் உள்ள எண்ணெய்ப் பைகளிலேயே மிகுதி. நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி உப்பிட்டு உலர்த்திய நம் பாட்டிமாரும், நார்த்தை இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்தவர்களும் இதை நன்கு அறிந்திருந்தனர்.

கேக் வந்த வழி

இங்கிலாந்தில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கையும் ஒவ்வொரு பவுண்டு எடுத்துச் செய்தது 'பவுண்டு கேக்'. அதே வகையில் எலுமிச்சை மணம் சேர்த்தது 'மடீரா கேக்'. மடீரா மதுவுடன் உண்டதால் இப்பெயர் வந்தது. கேக்கில் மது கிடையாது. 1843-இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்டு பேக்கிங் பவுடரை உருவாக்கிய பின், ஈஸ்ட் இல்லாமலே மாவை எழும்பச் செய்வது எளிதாயிற்று.

1878-இல் சென்னையில் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற ஆங்கிலச் சமையல் நூல் வெளிவந்தது. அது இங்கிருந்த ஆங்கிலேயர் வீடுகளுக்காக எழுதப்பட்டது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில், 1883-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்காக மாம்பள்ளி பாபு என்ற அடுமனைக்காரர், மர்டாக் பிரவுன் என்ற தோட்ட உரிமையாளர் கொடுத்த மாதிரியைப் பார்த்துக் கேக் செய்தார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறும் செய்தி.

அடுப்பின் சிக்கல்

நம் அடுப்பில் வெப்பம் கீழிருந்து மட்டுமே வரும். அவிக்கவும் பொரிக்கவும் வறுக்கவும் அது போதும். கேக்குக்கோ நாற்புறமும் சீரான உலர்ந்த வெப்பம் வேண்டும். அடுமனையின் செங்கல் சூளையில் அது கிடைத்தது, வீட்டில் கிடைக்கவில்லை. அதனால் ஆங்கிலோ-இந்தியர், கிறித்தவர் வீடுகளில் கனத்த பாத்திரத்தின் மூடிமேலும் தணலைப் பரப்பிச் சுட்டனர். பண்டிகை நாட்களில் கலவையைத் தட்டில் ஊற்றி, அருகிலுள்ள அடுமனைக்கு எடுத்துச்சென்று சுட்டு வாங்கி வருவதும் உண்டு. மற்றவர்களுக்குக் கேக் கடைப்பண்டமாகவே இருந்தது.

பிரஷர் குக்கர் வீடுதோறும் பரவிய பின் வழி பிறந்தது. குக்கரின் அடியில் மணலோ உப்போ பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடினால் அதுவே சிறு சூளையாகிறது. இவ்விரண்டில் எதையும் மறந்து மாட்டிவிடக் கூடாது, ஆபத்து. மின் ஓவன் வாங்க இயலாத குடும்பங்களிலும் பிள்ளைகளின் பிறந்தநாள் கேக் இப்படித்தான் வீட்டில் வெந்தது.

செய்முறை

மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா 100 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஓர் எலுமிச்சையின் துருவிய தோல். மதுரை, திருநகர்ப் பக்கம் உள்ளவர்கள் கீழ்ப் பழனி மலையின் கமலா ஆரஞ்சு கிடைக்கும் காலத்தில் அதன் தோலைச் சேர்க்கலாம். மேல்தோலை மட்டும் துருவவேண்டும். உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும். தோலின் எண்ணெய் நீரைவிடக் கொழுப்பில் நன்கு கரையும். ஆகவே துருவலை முதலில் சர்க்கரையோடு கசக்கி, வெண்ணெயுடன் குழைத்து, பின் முட்டையையும் சலித்த மாவையும் சேர்க்கவேண்டும். ஓவனில் 180 பாகை செல்சியசில் 30 முதல் 35 நிமிடம். சூடேற்றிய குக்கரில் சிறுதீயில் 40 முதல் 50 நிமிடம். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

பழமும் மணமறிவும் முன்பே நம்மிடம் இருந்தன. வெளியிலிருந்து வந்தது செய்முறை. அதை வீட்டுக்கு உரியதாக்கியது ஒரு பிடி மணல்.