திருவொற்றியூரில் பிறந்து கரோல் பாக்கில் கோலம் பூண்ட வண்டி

பிறந்த ஊரை நீங்கிப் பிழைப்பு நாடித் தலைநகருக்கு வந்த நம்மவரைப் போலவே, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் பிறந்து வடநாட்டுச் சாலைகளிற் பெயர் பெற்ற பொருள் ஒன்றுண்டு. அதுவே புல்லட் என்னும் மோட்டார் சைக்கிள். விடுமுறை நாட்களின் காலை வேளையில் நம் காலனி இளைஞர்கள் நால்வர் ஐவராகக் கூடித் தத்தம் வண்டிகளைத் துடைத்தும், புதிதாகப் பூட்டிய விளக்கையும் பையையும் ஒருவருக்கொருவர் காட்டியும் மகிழ்வதை நாம் காண்கின்றோம். பெற்றோரிற் சிலர் இதனை வீண் செலவு என்பர். சிலர் உயிருக்கு உலை வைக்கும் வேலை என்பர். இளைஞரோ இஃது எங்கள் அடையாளம் என்பர். இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுமுன், வண்டியைத் தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைக்கும் வழக்கம் இந்நாட்டில் வளர்ந்த வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலமாகும்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்பது ஊசி செய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 1932ஆம் ஆண்டில் புல்லட் என்னும் பெயரில் ஒரு வண்டியை வெளியிட்டனர். துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றிற்கு உறுப்புகள் செய்தளித்த தொடர்பினாலேயே கம்பெனிக்கும் வண்டிக்கும் இப்பெயர்கள் அமைந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னர், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி வேண்டுமென்று நமது படையினர் தேடியபோது இதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் ரெட்டிச் கம்பெனியாரும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அடுத்த ஆண்டில் திருவொற்றியூர் ஆலை திறக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கு உருவான வண்டிகள் 163. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970ஆம் ஆண்டளவில் மறைந்தொழிந்தது. ஆயினும் சேய் நிலைத்து நின்றது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்திற்கே கப்பலேறின என்பது நினைந்து மகிழத்தக்க செய்தியாகும்.

இவ்வண்டி ஆலையை விட்டு வெளிவரும்போதே மனிதக் கையின் தடத்தைத் தாங்கி வருவது. பெட்ரோல் டாங்கின் இரு புறமும் ஓடும் பொன்னிறக் கோடுகளைச் சென்னைக் குடும்பம் ஒன்றின் கைகள் தலைமுறை தலைமுறையாகத் தூரிகை கொண்டு வரைந்து வந்துள்ளன. அச்சு இல்லை, அளவுகோல் இல்லை; கண்ணும் கையுமே கருவிகள். ஆகவே ஒரு வண்டியைப் போல் மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை.

பழைய புல்லட்டைக் கிளப்புவதும் ஒரு கலையாகவே இருந்தது. கிக்கரை மெல்ல மிதித்து, ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் இடத்தை அறிந்து, இயந்திரத்தின் அழுத்தத்தைச் சிறிய நெம்புகோலால் விடுவித்து, அதன் பிறகே ஓங்கி உதைக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் எதிர்த்து உதைக்கும். கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருந்தன. பிற வண்டி ஓட்டிப் பழகியவர் இதிலேறித் தடுமாறுவது வழக்கம். இவ்வித்தைகளை நூலிற் படித்தவர் சிலர். நண்பரிடம் கற்றவர் பலர். வண்டியைச் சுற்றி நண்பர் குழாம் ஒன்று அமைந்ததற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

வண்டியை மாற்றியமைக்கும் வழக்கம் இந்நாட்டில் அழகிற்காகத் தோன்றியதன்று; வயிற்றுப்பாட்டிற்காகத் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் படையினர் விட்டுச் சென்ற ஹார்லி டேவிட்சன் வண்டிகளின் பின்புறத்தை வெட்டி, இருக்கைகளும் கூரையும் பொருத்தித் தில்லியில் வாடகைக்கு ஓட்டினர். கன்னாட் பிளேசிற்கும் சாந்தினி சௌக்கிற்கும் இடையே ஓடிய அவ்வண்டியை, அது எழுப்பிய ஓசை கொண்டே 'பட்பட்டி' என்று மக்கள் அழைத்தனர். பிரிவினையால் வீடு வாசலிழந்து வந்த பஞ்சாபியர் பலருக்கு அதுவே சோறிட்டது. 1998ஆம் ஆண்டளவில், காற்று மாசு காரணமாக அவை சாலையிலிருந்து நீக்கப்பட்டன. சௌராட்டிரத்திலோ புல்லட்டின் முன்பாதியோடு இரு சக்கரங்கள் தாங்கிய வண்டிப் பெட்டியை இணைத்துச் 'சக்கடோ' என்றழைத்தனர். நிலக்கடலை மூட்டையும் அதன்மேல் உழவர் குடும்பமும் ஏறிச் சென்ற அவ்வண்டிகளின் நெற்றியில் வண்ணப் பூவேலையும் குஞ்சங்களும் விளங்கின. தேவைக்காகச் செய்த பொருளையும் அழகு செய்யாமல் விட மனிதனுக்கு மனம் வருவதில்லை.

இனிக் கரோல் பாக்கிற்கு வருவோம். அப்பகுதி நம்மவர்க்குப் புதிதன்று. தலைநகருக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தொடக்கத்தில் குடியேறிய இடங்களுள் அதுவும் ஒன்று. 1947க்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தோரும் அங்கேயே கடை விரித்தனர். பின்னாளில் அங்கு மோட்டார் சைக்கிள் உறுப்புகளுக்கென்றே சந்துகள் அமைந்தன. குரோமியம் பூசிய காப்புக் கம்பிகள், உயர்ந்த ஹாண்டில்கள், தோல் பைகள், கையுறைகள், தலைக்கவசங்கள் யாவும் அங்குக் குவிந்து கிடக்கின்றன. திருவொற்றியூரிற் பிறந்த வண்டி இங்குப் பஞ்சாபித் தச்சர் கையிற் புதுக்கோலம் பூண்கிறது. வந்தேறிகள் இருவர் சந்தித்து ஒரு பொருளை உருவாக்கும் இடம் இதுவெனக் கூறின் மிகையாகாது.

அச்சந்துகளில் 'லடாக் கேரியர்' என்று ஓர் உறுப்பு விற்கப்படுகிறது. அதன் பெயரே அதன் வரலாறு. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலையில், தாண்டி என்னும் சிற்றூரில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது என்று அறிவிக்கும் பலகை பல்லாண்டுகள் நின்றது. அவ்வளவு தொலைவிற்கு ஒரு டாங்கு பெட்ரோலை நம்பிச் செல்லுதல் கூடாது. எனவே இரு புறமும் பெட்ரோல் கேன்களையும் பின்னால் மூட்டையையும் தாங்கும் இரும்புச் சட்டம் தேவையாயிற்று. லேயைக் கடந்து 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கர்துங் லா கணவாய்க்குச் செல்வோர் பலர், திரும்பும்போது ஐந்நிறப் பௌத்தக் கொடிகளை ஹாண்டிலிற் கட்டி வருகின்றனர். அக்கொடி ஒரு பயணத்தின் சான்று. இப்பயணங்களில் ஒருவன் வண்டி பழுதானால் அனைவரும் நிற்பர். சக்கரம் கழற்றுபவன் ஒருவன், விளக்குப் பிடிப்பவன் ஒருவன், தேநீர் தேடிச் செல்பவன் ஒருவன். பிரிக்கவும் பூட்டவும் எளிதான பழைய இயந்திரமும் இத்தோழமைக்குத் துணை நின்றது.

இப்பற்று வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. 1994இல் ஐஷர் நிறுவனத்தார் இக்கம்பெனியைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். எடை குறைந்த, எரிபொருள் மிச்சமாகும் வண்டிகள் பெருகிய காலம் அது. விற்பனை தளர்ந்து, 2000ஆம் ஆண்டளவில் மோட்டார் சைக்கிள் தொழிலையே கைவிடலாமா என்று எண்ணும் நிலை நேர்ந்தது. அக்கம்பெனி தப்பிப் பிழைத்து, 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. நிருவாகத்தின் திறமை இதற்கு முதற்காரணம். ஆயினும் பழைய வண்டியைக் கைவிடாது பேணிய உரிமையாளர்களும், ஊர்தோறும் இருந்த பட்டறை மேஸ்திரிகளும் இல்லாவிடில், காப்பாற்றத்தக்க பெயரொன்று எஞ்சியிராது. மைசூரில் 1961 முதல் ஜாவா வண்டிகளையும் பின்னர் யெஸ்டி வண்டிகளையும் செய்த ஆலை 1996இல் மூடப்பட்டது. எனினும் அவ்வண்டிகளை உயிரோடு வைத்திருந்தோர் ஆண்டுதோறும் சூலைத் திங்களில் பெங்களூரிற் கூடி விழா எடுத்து வந்துள்ளனர். ஆலை மூடிய பின்னும் அன்பு மூடவில்லை.

இங்ஙனம் புகழ்ந்த நாம், மறுபுறத்தையும் கூறுதல் கடமையாகும். நள்ளிரவில் வெடிச் சத்தம் எழுப்பிக் குழந்தையையும் நோயாளியையும் எழுப்பும் சைலன்சர் கலையாகாது. வண்டியின் பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்றும் மாறுபடுமாறு எம்மாற்றமும் செய்யலாகாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம், உரிமையாளர் செய்யும் தகாத மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாயும், ஒலி வரம்பை மீறுவோர்க்கு முதற்குற்றத்திற்கே 10,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடந்தருகிறது, சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

பணத்தினும் பெரிது உயிர். 2022ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என மைய அரசின் கணக்குக் கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியிற் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் உயிர் நீத்தோர் மட்டும் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். வண்டியை ஒப்பனை செய்யப் பல்லாயிரம் செலவிடும் இளைஞன், பின்னால் அமரும் தங்கைக்கோ நண்பனுக்கோ நல்ல தலைக்கவசம் ஒன்று வாங்காதிருப்பின், அவ்வொப்பனையால் யாது பயன்?

வரலாறு நமக்குத் தரும் அளவுகோல் தெளிவானது. பட்பட்டி குடும்பங்களைக் காத்தது. சக்கடோ விளைபொருளைச் சந்தை சேர்த்தது. லடாக் கேரியர் நண்பர்களை மலை கடத்தியது. வாழ்வுக்குத் துணையாகிய மாற்றங்களே மக்கள் நினைவில் நின்றன. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை தன் வண்டியைத் தன் கையாற் கழற்றிப் பூட்டும்போது ஒரு முறை அருகிற் சென்று பாருங்கள். திருவொற்றியூரின் கைத்திறனை அங்கே காண்பீர்கள். இளைஞர்களே, உங்கள் வண்டிக்குப் பொன்வரி தீட்டுங்கள், பை பூட்டுங்கள், கொடி கட்டுங்கள். அதன் குரலை மட்டும் அடக்கி வையுங்கள். உங்கள் தலையையும் உடன் வருவோர் தலையையும் காத்துக்கொள்ளுங்கள். போன இடமெல்லாம் நட்பு வளர்த்து, நலமே வீடு திரும்புக என்று வாழ்த்துகின்றோம்.