வேறன்னா எவ்வளவு வேறு?

நான் குடியிருக்கிற ஹவுகெட்டோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல லியான்செல்வான்னு ஒரு சின்ன ஆறு ஓடுது. நம்ம ஊர்க் கணக்குல பெரிய வாய்க்கால்னு சொல்லலாம். கொஞ்ச தூரம் ஓடி ஒஸ்லோ ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைஞ்ச கடலில், போய்ச் சேருது.

இந்த ஆத்துத் தண்ணியில இருக்கிற பாக்டீரியாவும் அந்தக் கடல் தண்ணியில இருக்கிற பாக்டீரியாவும் ஒண்ணா, வேறயா? "வேறதான், இதுல என்ன கேள்வி?"ன்னு நீங்க சொல்வீங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். எங்க ஆய்வுக்குழுக் கூட்டத்துல ரெண்டு மண் மாதிரிகளைக் காட்டி, "ரெண்டும் முற்றிலும் வேறு, பொதுவான இனமே இல்லை"ன்னு பெருமையா முடிச்சேன். பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வேறன்னா எவ்வளவு வேறு?"

முழிச்சேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்ட ஆரம்பிச்சேன். அப்படித் தோண்டினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

*

ரெண்டு இடங்களை ஒப்பிடுறதுக்கான பழைய வழி ரொம்ப எளிமையானது. பெயர்ப் பட்டியல் எடு, பொதுவான பெயர் எத்தனைன்னு எண்ணு, மொத்தத்தால் வகு. சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் பால் ஜக்கார்ட் 1901ல் ஆல்ப்ஸ் மலைச் செடிகளுக்கு இப்படித்தான் கணக்குப் போட்டார். செடிக்கு இது சரி. நேர்ல போய்ப் பார்க்கலாம், பெயர் சொல்லலாம்.

பாக்டீரியாவுக்குப் பெயர் வைக்கணும்னா முதல்ல தட்டுல வளர்க்கணும். அங்கதான் சிக்கல். மண்ணை நுண்ணோக்கியில பார்த்தா ஒரு கிராமில் நூறு கோடிக்கும் மேல தெரியும். அதே மண்ணைத் தட்டுல போட்டா வளர்றது பெரும்பாலும் நூத்துல ஒண்ணு, சில சமயம் அதுவும் இல்லை. மீதி எல்லாம் யாரு?

இந்தக் கேள்வியை ஓங்கி அடிச்சவங்க நார்வேக்காரங்கதான். பெர்கன் பல்கலைக்கழகத்தின் விக்டிஸ் டோர்ஸ்விக்கும் அவருடைய சகாக்களும் 1990ல் ஒரு கட்டுரை போட்டாங்க. (தொழுநோய்க் கிருமியை 1873ல் ஆர்மவுர் ஹான்சன் கண்டுபிடிச்சதும் அதே பெர்கன் ஊர்லதான். பாக்டீரியாவுக்கு ராசியான ஊர் போல!) டோர்ஸ்விக் மண்ணிலிருந்து பாக்டீரியாவை எல்லாம் பிரிச்சு, மொத்தமா அதுங்களோட டி.என்.ஏ.வை எடுத்து, சூடாக்கி இழைகளைப் பிரிச்சு, மறுபடி சேர விட்டார். ஒவ்வொரு இழையும் தன் ஜோடியைத் தேடிப் பிடிக்கணும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல கூட வந்தவரைத் தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி. கூட்டத்துல எத்தனைக்கெத்தனை விதவிதமான ஆட்கள் இருக்காங்களோ, தேட அத்தனைக்கத்தனை நேரமாகும். ஈ.கோலை மாதிரி ஒரே வகை டி.என்.ஏ. சேர ஆகும் நேரத்தோட அதை ஒப்பிட்டு அவங்க போட்ட கணக்கு: அந்த மண்ணுல சுமார் 4,000 வெவ்வேறு மரபணுத் தொகுதிகள். அதே மண்ணிலிருந்து தட்டுல வளர்ந்ததை வச்சுப் பார்த்ததைப் போல சுமார் 200 மடங்கு!

எத்தனை பேர்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா யார் யாருன்னு இந்த முறை சொல்லாது.

*

அதுக்கான சாவி ஏற்கெனவே கையில இருந்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977ல் ஒரு விஷயம் காட்டினாங்க. எல்லா உயிர்கள்லயும் புரதம் செய்ற ரைபோசோம் இருக்கு. அதிலுள்ள ஆர்.என்.ஏ. ரொம்ப மெதுவா மாறுது. ஆக, ரெண்டு உயிர்களோட அந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு வேறுபடுதுன்னு பார்த்தா, எவ்வளவு தூரத்துச் சொந்தம்னு சொல்லிடலாம். அதை வச்சு ஒரு வம்சாவளி மரமே வரையலாம். 1980களில் நார்மன் பேஸ் குழு, வளர்க்கவே வேண்டாம், மண்ணிலிருந்தும் தண்ணியிலிருந்தும் இந்த வரிசையை நேரா படிக்கலாம்னு வழி காட்டியது.

இப்ப மரம் இருக்கு. ஆனா ஒப்பிடுறப்போ மட்டும் நாம இன்னும் ஜக்கார்ட் மாதிரி பெயரைத்தான் எண்ணிக்கிட்டிருந்தோம். அதை மாத்தினது கொலராடோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் லோசுபோன் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவருடைய பேராசிரியர் ராப் நைட்டும். 2005ல் வந்த அவங்க முறைக்குப் பெயர் யூனிஃப்ராக். டோர்ஸ்விக் கட்டுரை வந்த அதே ஆய்விதழ்தான், 15 வருஷம் கழிச்சு.

கணக்கைச் சொல்றேன், பயப்படாதீங்க. ஒரு தாத்தா, ரெண்டு மகன்கள், ஒவ்வொரு மகனுக்கும் ரெண்டு பிள்ளைகள். தாத்தாவிலிருந்து மகனுக்குப் போற கிளையின் நீளம் 4, மகனிலிருந்து பிள்ளைக்கு 1. மொத்தக் கிளை நீளம் 4+4+1+1+1+1 = 12.

முதல் காட்சி: ரெண்டு கல்யாண மண்டபம். பெரியவர் வீட்டுப் பிள்ளைகள்ல ஒருத்தரும் சின்னவர் வீட்டுப் பிள்ளைகள்ல ஒருத்தரும் முதல் மண்டபத்துல. மீதி ரெண்டு பேர் அடுத்ததுல. ரெண்டாம் காட்சி: பெரியவர் பிள்ளைகள் ரெண்டு பேரும் ஒரு மண்டபத்துல, சின்னவர் பிள்ளைகள் ரெண்டு பேரும் இன்னொண்ணுல.

பெயரை எண்ணினா ரெண்டு காட்சியிலயும் பொதுவான ஆள் கிடையாது. வேறுபாடு 1, அதாவது முழுசா வேறு. யூனிஃப்ராக் வேற மாதிரி கேட்குது: ஒரே ஒரு மண்டபத்துக்கு மட்டும் போற கிளைகளோட நீளம் மொத்தத்துல எத்தனை பங்கு? முதல் காட்சியில நுனிக்கிளை நாலு மட்டும்தான் தனி. 4/12, சுமார் 0.33. ரெண்டாவதுல எல்லாக் கிளையுமே தனி. 12/12 = 1. முதல் மண்டபங்கள் ஒரே வம்சத்தைக் கலந்து பிரிச்சது, ரெண்டாவது பங்காளிச் சண்டை :-)

என் ரெண்டு மண் மாதிரிகளும் எந்தக் காட்சின்னு நான் பார்க்கவே இல்லை. "முற்றிலும் வேறு"ன்னு சொன்னது அளவுகோலோட குணம், மண்ணோட குணம் இல்லை.

*

இதனால என்ன லாபம்னு கேட்டா, ரெண்டு உதாரணம்.

2005 கட்டுரையிலேயே கடல் தண்ணி, கடலடிச் சேறு, கடல் பனிக்கட்டி மூணையும் ஒப்பிட்டாங்க. தட்டுல வளர்த்த பாக்டீரியாக்கள், எங்கிருந்து எடுத்திருந்தாலும், ஒண்ணுக்கொண்ணு ஒத்திருந்தது. தண்ணியிலும் சேற்றிலும் நேரா படிச்ச கூட்டத்தோட ஒத்துப்போகலை. அதாவது தட்டு, கடலைக் காட்டலை. தட்டுக்குப் பிடிச்சதைத்தான் காட்டுது. டோர்ஸ்விக் மண்ணுல பார்த்த அதே கதை.

2007ல் அவங்களே 111 ஆய்வுகள்ல இருந்து 21,752 வரிசைகளைச் சேர்த்து உலகத்தையே ஒப்பிட்டாங்க. எது கூட்டத்தை அதிகமா பிரிக்குது? சூடா, அமிலத்தன்மையா? ரெண்டும் இல்லீங்க, உப்பு! உப்புத்தண்ணி ஒரு பக்கம், நன்னீர் ஒரு பக்கம்.

குறையும் உண்டு. முதல் யூனிஃப்ராக்குக்கு ஒருத்தர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் ஒண்ணுதான். அதனால 2007ல் எண்ணிக்கையையும் கணக்குல சேர்த்த வடிவம் வந்தது. ரெண்டும் சில சமயம் வேற வேற பதில் சொல்லும். எதைப் பயன்படுத்தினோம்னு சொல்லாம பதிலை மட்டும் சொல்றதுதான் தப்பு.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தரையும் சொல்லணும். அன்றைய சென்னை மாகாணத்தில் ஹடகலியில் 1920ல் பிறந்த சி.ஆர்.ராவ், 1982லேயே இதுக்குப் பொதுவான ஒரு வழியை எழுதிட்டார்: கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு பேரை எடு, அவங்களுக்குள்ள சராசரி தூரம் என்ன? அந்தத் தூரத்தை வம்ச தூரமாவும் வச்சுக்கலாம். 2023ல், 102 வயசுல அவர் மறைஞ்சார்.

*

நேத்து சாயங்காலம் ஆத்தோரமா நடந்தேன். இந்தத் தண்ணி கொஞ்ச தூரம் போனா உப்பாயிடும். அதே குளிர், அதே மழை, ஆனா குடும்பமே மாறிடும். அடுத்த கூட்டத்துல என் மண் மாதிரிகளை மரத்தோட காட்டப் போறேன். எண் எவ்வளவு சின்னதா வந்தாலும் பரவாயில்லை.

மண்டபக் கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல தயங்காம குட்டுங்க மக்களே.